கிடங்கில் மாவு இருக்கிறது, ஊருக்குள் இல்லை

2018 மார்ச் 5. சிரியத் தலைநகர் டமாஸ்கஸிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் டூமா நகருக்குள் 46 லாரிகள் போகின்றன. ஐ.நா., சர்வதேச செஞ்சிலுவைக் குழு, சிரிய செம்பிறைச் சங்கம் மூன்றும் சேர்ந்து அனுப்பிய சரக்கு. உணவு 27,500 பேருக்கு. கிழக்கு கூட்டா என்ற அந்தப் பகுதியில் முற்றுகைக்குள் சிக்கியிருந்தவர்களோ ஏறக்குறைய 4 லட்சம். லாரிகள் கிளம்புவதற்கு முன்பே அரசு அதிகாரிகள் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, மருத்துவப் பொருட்களில் சுமார் 70 சதவீதத்தை இறக்கி வைத்துவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவன அதிகாரி ஒருவர் பிறகு சொன்னார். காயச் சிகிச்சைப் பெட்டிகள், அறுவைச் சிகிச்சைச் சாமான்கள், டயாலிசிஸ் பொருட்கள், இன்சுலின் எல்லாம் போயிற்று. மிச்சம்தான் உள்ளே போனது. இறக்கிக்கொண்டிருக்கும்போதே குண்டுவீச்சு. இருட்டுகிற நேரத்தில் வண்டிகளைத் திருப்ப வேண்டியதாயிற்று. 14 லாரிகளில் இருந்த சரக்கு முழுசாக இறங்கவே இல்லை.

போர்முனை நிவாரணம் என்று பேச்சு வந்தாலே நமக்கு முதலில் பணம்தான் ஞாபகம் வரும். இத்தனை கோடி தேவை, இத்தனை கோடிதான் வந்தது என்ற செய்தி. டூமாவில் சரக்கு இருந்தது, வண்டி இருந்தது, ஓட்ட ஆள் இருந்தது, சாலையும் இருந்தது. இல்லாமல் போனவை அனுமதியும் சில மணி நேர அமைதியும். முனையை நெருங்க நெருங்க இந்த இரண்டும்தான் அரிதாகிக்கொண்டே போகின்றன. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. வேலை பெரிய அமைப்புகளின் கையிலிருந்து நழுவி அந்தந்த ஊர்க்காரர்களின் தலையில் வந்து விழுகிறது. பணமும் பாதுகாப்பும் மட்டும் அதே வேகத்தில் அவர்கள் பக்கம் நகர்வதில்லை.

"ஏன் அங்கேயே இருக்கிறார்கள், கிளம்பி வந்துவிடலாமே?" தொலைவில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. உக்ரைனின் கிழக்கிலும் தெற்கிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் போர்முனையை ஒட்டிய ஊர்களில் எஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். நடக்க முடியாத கணவர், விட்டுவிட்டு வர முடியாத மாடு, வேறு ஊரில் வாடகை கொடுக்கப் போதாத ஓய்வூதியம் என்று காரணங்கள் சாதாரணமானவை. சூடானிலும் காசாவிலும் கதை வேறு. அங்கே போக வழியே அடைபட்டிருக்கும், அல்லது போகும் வழி இருக்கும் இடத்தைவிட ஆபத்தாக இருக்கும். ஏற்கெனவே மூன்று முறை இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் நான்காவது முறை கிளம்பு என்றால் எங்கே கிளம்புவது? தங்கியிருப்பவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதிவிடுவது சுலபம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெளியேறச் சொல்லி எச்சரித்த பிறகும் தங்கியிருப்பவர் பொதுமக்களில் ஒருவர்தான், அவருக்கு உரிய பாதுகாப்பு அப்படியே தொடர்கிறது.

அனுமதி என்ற பூட்டு

சட்டம் என்னதான் சொல்கிறது? 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 23ஆவது பிரிவில், மருந்துகளையும், 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள் போன்றோருக்கான அத்தியாவசிய உணவையும் எதிரி நாட்டு மக்களுக்கானது என்றாலும் வழிவிட வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவு ஒரு பின்வாசலையும் திறந்து வைக்கிறது. சரக்கு வழியில் கைமாறிவிடும், எதிரியின் போர் முயற்சிக்கு உதவிவிடும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம். 1977இல் வந்த முதலாவது கூடுதல் நெறிமுறை மக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கைக்கொள்ளக் கூடாது என்று 54ஆவது பிரிவில் தெளிவாகத் தடை செய்தது. நிவாரணம் பற்றிய 70ஆவது பிரிவிலோ "சம்பந்தப்பட்ட தரப்புகளின் சம்மதத்துக்கு உட்பட்டு" என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. ஆக்கிரமித்துள்ள பகுதியில் மட்டும் பேரம் கிடையாது. அங்குள்ள மக்களுக்குப் போதிய பொருள் இல்லையென்றால் ஆக்கிரமித்த நாடு நிவாரணத்துக்குச் சம்மதித்தே ஆக வேண்டும்.

ஆக, சம்மதம் வேண்டும்; காரணமில்லாமல் மறுக்கக் கூடாது. காரணம் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்பவர் யார்? துப்பாக்கி வைத்திருப்பவர். இந்த இடைவெளிக்குள்தான் முற்றுகைகள் எல்லாம் வாழ்கின்றன.

"முடியாது" என்று நேரடியாகச் சொல்பவர்கள் குறைவு. விசா தாமதமாகும். பயண அனுமதிக் கடிதத்தில் ஒரு முத்திரை குறையும். தலைநகரில் கொடுத்த அனுமதி கடைசிச் சோதனைச் சாவடியில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாது. 2012 முதல் முற்றுகையில் இருந்த சிரியாவின் டராயா நகருக்கு 2016 மே மாதம் மருந்தும் குழந்தைகளுக்கான பால் மாவும் ஏற்றிப் போன வண்டிகள் எல்லாத் தரப்பின் சம்மதத்தோடும் கிளம்பி, கடைசிச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டன. அந்த ஊருக்கு முதல் உணவு லாரி போனது அதற்கடுத்த மாதம். சூடானில் 1989இல் தொடங்கிய "ஆபரேஷன் லைஃப்லைன் சூடான்" திட்டத்தில் அரசும் கிளர்ச்சிப் படையும் ஐ.நா.வோடு உடன்பாடு செய்துகொண்டன. இரண்டு பக்கமும் உணவு போகும் என்பது அந்தக் காலத்தில் பெரிய சாதனை. ஆனால் எந்த ஓடுதளத்தில் விமானம் இறங்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். 1998 தொடக்கத்தில் பஹர் அல் கசால் பகுதியில் பஞ்சம் முற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து விமானங்களுக்குத் தடை விழுந்தது.

சம்மதம் இல்லாமலே போக முடியாதா? ஒரு முறை முடிந்தது. 2014 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2165ஆம் தீர்மானம், துருக்கி, ஜோர்டான், ஈராக் எல்லைகளில் நான்கு வாசல்கள் வழியாக, சிரிய அரசுக்குத் தகவல் மட்டும் கொடுத்துவிட்டு நிவாரணம் அனுப்பலாம் என்றது. ஒருமனதாக நிறைவேறியது. 2020இல் நான்கு வாசல் இரண்டாகி, பிறகு பாப் அல் ஹவா என்ற ஒன்றே மிஞ்சியது. 2023 ஜூலையில் ரஷ்யாவின் வீட்டோவால் அதுவும் காலாவதியாகி, பிறகு அரசின் சம்மதத்தோடு ஓடும் பாதையானது. ஒவ்வொரு முறை கெடு நெருங்கும்போதும் வடமேற்கு சிரியாவில் லட்சக்கணக்கானவர்களின் அடுத்த மாதச் சாப்பாடு நியூயார்க்கில் ஒரு வாக்கெடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி தலைக்கணக்கு. உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களே எத்தனை மூட்டை என்பதையும் தீர்மானிக்கிறார்கள். வன்னியில் இது எப்படி நடந்தது என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் எண்களை ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐ.நா.வையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் போகாதீர்கள் என்று மக்கள் கூடி நின்றார்கள். அதன் பிறகு உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நேரில் எண்ணிச் சொல்ல வெளியார் அநேகமாக யாரும் இல்லை. 2009 தொடக்கத்தில் அரசு சொன்ன கணக்கு எழுபதாயிரம் அளவில் இருந்தது. கடைசியில் வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்களே 2 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் குறையாது. எழுபதாயிரம் பேருக்கு என்று அளந்து அனுப்பிய அரிசி நான்கு மடங்கு வாய்களுக்கு எப்படிப் போதும்?

தெரிவித்த பிறகும்

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது வழியில் சுடாமல் இருப்பது. இதற்காக ஒரு அறிவித்தல் முறை வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி, பதிவெண் என்ன, எத்தனை பேர், எந்தச் சாலை, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பும், இறக்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறியீடு என்ன என்பதையெல்லாம் எழுதி, பெரும்பாலும் ஐ.நா.வின் மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம் வழியாக, சண்டையிடும் தரப்புகளுக்கு அனுப்புவார்கள். தரப்பு அதைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும். அவ்வளவுதான். அது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. சட்டப்படி பாதுகாப்பு அந்தத் தாளிலிருந்து வருவதும் இல்லை, தாள் கொடுக்காத வண்டியையும் சுடக் கூடாதுதான். "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாதபடி செய்வது ஒன்றே அதன் உண்மையான பயன்.

அந்தப் பயனும் எவ்வளவு என்பதைச் சில தேதிகள் சொல்லும். 2009 ஜனவரி கடைசியில், வவுனியாவிலிருந்து வன்னிக்கு உணவு கொண்டுபோன ஐ.நா.வின் பதினோராவது வாகனத் தொடரின் ஊழியர்கள் திரும்ப முடியாமல், அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் பதுங்கு குழி வெட்டித் தங்கினார்கள். இடத்தின் குறியீட்டைப் படைத்தரப்புக்குக் கொடுத்திருந்தார்கள். ஷெல் அவர்களைச் சுற்றியே விழுந்தது. 2016 செப்டம்பர் 19 இரவு, சிரியாவில் அலெப்போவுக்கு மேற்கே ஊரம் அல் குப்ராவில் 31 லாரிகளில் வந்த சரக்கை இறக்கிக்கொண்டிருந்தபோது வான்தாக்குதல், குறைந்தது 10 பேர் செத்தார்கள். 2024 ஏப்ரல் 1 அன்று காசாவில், முன்கூட்டியே பயணத் திட்டம் தெரிவித்துவிட்டுப் போன வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் மூன்று கார்களை இஸ்ரேலிய ட்ரோன் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கியதில் ஏழு பேர். 2025 ஜூன் 2 அன்று சூடானில் எல் ஃபாஷருக்குப் போய்க்கொண்டிருந்த 15 லாரித் தொடர் அல் கோமா என்ற ஊரில் அனுமதிக்காகக் காத்து நின்றபோது தாக்கப்பட்டு ஐந்து பேர். முற்றுகைக்குள் இருந்த அந்த நகரத்துக்கு ஓராண்டுக்கும் மேலாக ஐ.நா. வண்டி போகாதிருந்த நேரம் அது.

சிரியாவில் மருத்துவமனைகள் விஷயத்தில் இந்த முறையே தலைகீழாயிற்று. பாதுகாப்புக்காக இருப்பிடத்தைத் தெரிவித்த மருத்துவமனைகள் அடி வாங்கின. குறியீடு கொடுத்தால் காப்பாற்றுமா, காட்டிக்கொடுக்குமா என்று யோசித்து மருத்துவர்கள் சிலர் கொடுப்பதையே நிறுத்தினார்கள். அந்த யோசனைக்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ட்ரோனுக்குக் கீழே

பழைய போர்களில் முனை என்பது ஒரு கோடு. பீரங்கி எட்டும் தூரத்துக்கு அப்பால் ஓரளவு நிம்மதி. உக்ரைனில் ட்ரோன்கள் அந்தக் கோட்டைப் பட்டையாக்கிவிட்டன. முனையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்து, சாலையில் போகும் ஒரே ஒரு காரைப் பார்த்து, பின்தொடர்ந்து அடிக்கும் சிறிய ட்ரோன்கள். ஓட்டுபவர் திரையில் எல்லாவற்றையும் பார்க்கிறார், வண்டியின் மேல் எழுதியிருக்கும் பெரிய எழுத்தையும் சேர்த்து. 2025 அக்டோபர் 14 அன்று ஹெர்சன் பகுதியில் பிலோசெர்கா ஊருக்குப் போன ஐ.நா. அடையாளமிட்ட லாரிகள் ட்ரோன்களால் தாக்கப்பட்டன. உலக உணவுத் திட்டத்தின் இரண்டு லாரிகள் எரிந்தன. அதிர்ஷ்டவசமாக ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் வேலை செய்யும் விதமே மாறியிருக்கிறது. பெரிய லாரி ஓரளவு பத்திரமான ஊர் வரை வரும். அங்கிருந்து சரக்கு வேன்களுக்கு மாறும். அதற்கும் அப்பால் கவச வண்டி, அல்லது பழைய கார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ட்ரோன் வருவதைச் சிணுங்கிச் சொல்லும் கையடக்கக் கருவி இருக்கும். ஃபைபர் கம்பி இழுத்துக்கொண்டு பறக்கும் புது ரக ட்ரோனில் ரேடியோ சமிக்ஞை இல்லாததால் அந்தக் கருவிக்கு அது தெரியாது, சமிக்ஞையைக் குழப்பும் ஜாமரும் அதன் முன் செல்லாது. சில சாலைகளில் மேலே மீன் வலை மாதிரி வலை கட்டி வைத்திருக்கிறார்கள். மூடுபனியும் மழையும் பயணத்துக்கு நல்ல நாள். பளிச்சென்ற வெயில் கெட்ட நாள்.

கொடுக்கும் விதமும் அப்படியே. வரிசை கட்டி நிற்க வைத்தால் வரிசையே இலக்காகிவிடும். அதனால் சிறு சிறு குழுவாக, நேரம் பிரித்து, முடிந்தால் அடித்தளத்துக்குள் அல்லது கட்டடத்தின் மறைவில் கொடுக்கிறார்கள். கையெழுத்து வாங்குவதைக்கூட சுருக்கிவிடுகிறார்கள். பெட்டி எழுபது வயதுப் பாட்டி தூக்கக்கூடிய எடையா என்று பார்க்க வேண்டும். கேஸ் இல்லாத ஊரில் பருப்பைக் கொடுத்தால் எப்படி வேகவைப்பார்? அப்படிப்பட்ட இடத்துக்கு டின் உணவு, பிஸ்கட், ரொட்டி. குளிர்காலத்துக்கு விறகும் கரிக்கட்டியும், உடைந்த ஜன்னலுக்கு மரப்பலகையும் பிளாஸ்டிக் விரிப்பும். 2024 செப்டம்பர் 12 அன்று தோனெத்ஸ்க் பகுதியின் விரோலியுபிவ்கா கிராமத்தில் செஞ்சிலுவைக் குழுவின் ஊழியர்கள் மூன்று பேர் ஷெல்லடியில் இறந்தார்கள். அன்று அங்கே கொடுக்கப்போனது விறகும் கரிக்கட்டியும்தான். பனி விழுவதற்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதற்காகச் செப்டம்பரிலேயே கிளம்பியிருந்தார்கள்.

தண்ணீர் ஏன் தனிக் கதை

உணவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் தண்ணீர் விடுபட்டுப் போகிறது. கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலக உணவுத் திட்டம் வைத்திருக்கும் அளவு. மாவு, பருப்பு, எண்ணெய் என்று உலர்ந்த சரக்காகப் பார்த்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பத்தாயிரம் பேர் உள்ள ஊருக்கு நாளைக்கு ஐந்தாறு டன். பெரிய லாரி ஒன்று வந்தால் மூன்று நாள் ஓடும். தண்ணீருக்கு நிவாரண உலகம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு 15 லிட்டர். அதே ஊருக்கு நாளைக்கு 150 டன். எந்தப் போர்முனையிலும் இதைத் தினம் லாரியில் கொண்டுபோக முடியாது. பம்பு ஓட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், சுத்திகரிக்கக் குளோரின் வேண்டும், உடைந்த குழாயை ஒட்ட ஆள் போக வேண்டும்.

2022க்கு முன்பு, கிழக்கு உக்ரைனில் போர் மெதுவாகக் கனன்றுகொண்டிருந்த ஆண்டுகளில், தோனெத்ஸ்க் வடிகட்டும் நிலையம் என்ற தண்ணீர்த் தொழிற்சாலை இரண்டு படைகளுக்கும் நடுவில் அவ்தீவ்காவுக்கும் யாசினுவாதாவுக்கும் இடையே இருந்தது. முனையின் இரண்டு பக்கத்திலுமாகச் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் தண்ணீரைக் குடித்தார்கள். மின்கம்பி அறுந்தால் பழுது பார்க்கப் போக வேண்டும், போக இரண்டு தரப்பும் சுடாமல் இருக்க வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்பாளர்கள் இரு பக்கமும் பேசிச் சில மணி நேர அமைதி வாங்கித் தருவார்கள், அந்த நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். 2018 ஏப்ரலில் வேலை முடிந்து திரும்பிய ஊழியர்களின் பேருந்து சுடப்பட்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். நிவாரண ஊழியர் என்று எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தண்ணீர் வாரியக்காரர்கள். போர்முனை மக்களை உயிரோடு வைத்திருப்பதில் ஒரு லாரித் தொடரைவிட அவர்களுக்குப் பங்கு அதிகம் என்பேன்.

வானத்திலிருந்து போடுவது

தரையில் வழி கிடைக்காவிட்டால் விமானத்திலிருந்து போடலாமே என்ற யோசனை எப்போதும் வரும். பார்க்க நன்றாக இருக்கும், படம் எடுக்க அதைவிட நன்றாக இருக்கும். 2016 பிப்ரவரியில் முற்றுகையில் இருந்த சிரியாவின் டெய்ர் எஸ்ஸோர் நகரின் மேல் உலக உணவுத் திட்டம் 21 பேலட் (பலகைத் தட்டில் கட்டிய பெரிய பொதி) உணவைப் போட்டது. சுட்டு வீழ்த்தப்படாமல் இருக்க வெகு உயரத்திலிருந்து போட வேண்டியிருந்தது. நான்கு சேதமாயின, ஏழு யாருக்கும் சொந்தமில்லாத சூனியப் பகுதியில் விழுந்தன, மிச்சம் பத்து எங்கே போயின என்று தெரியவில்லை. ஏப்ரலில் புது பாராசூட்டோடு திருத்திச் செய்த பிறகு அது சரியாக விழத் தொடங்கி, 2017இல் முற்றுகை உடையும் வரை அந்த நகரத்துக்குச் சோறு போட்டது. அதாவது, வேறு வழியே இல்லாத இடத்தில், கீழே விழும் இடத்தைக் காத்துப் பங்கிட ஆள் இருக்கும்போது, இது உதவும். காசாவில் 2024 மார்ச்சில் பாராசூட் விரியாமல் பொதி விழுந்து ஐந்து பேர் செத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு சி-130 விமானம் போட்டுவிட்டுப் போவது அதிகம் போனால் ஒரு பெரிய லாரியின் சுமை. லாரி நிற்கும் இடமோ பல சமயம் சில கிலோமீட்டர் தொலைவில்தான். அமெரிக்க ராணுவம் அதே ஆண்டு காசாக் கரையில் 23 கோடி டாலர் மதிப்பீட்டில் கட்டிய மிதக்கும் துறை, அலையில் உடைந்தும் கழற்றி மாட்டியும் போனது போக, சுமார் 20 நாள் வேலை செய்தது.

விமானம் தரையிறங்க முடிந்தால் கணக்கு மாறும். 1992 ஜூலை முதல் 1996 ஜனவரி வரை போஸ்னியத் தலைநகர் சரயேவோவுக்குச் சுமார் 1,60,000 டன் நிவாரணம் விமானத்தில் போயிற்று. இவ்வளவு காலம் நீடித்த நிவாரண விமானப் பாலம் அதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் அதற்கும் விமான நிலையம் ஐ.நா. கையில் இருக்க வேண்டும் என்று தரப்புகள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் 1992 செப்டம்பரில் ஒரு இத்தாலிய விமானம் வீழ்த்தப்பட்டு நான்கு பேர் இறந்தார்கள். சுற்றிச் சுற்றி அதே அனுமதிதான். கடல்வழியும் அப்படியே. 2009 பிப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் புதுமாத்தளன் கடலிலும் பிறகு முள்ளிவாய்க்காலிலும் நின்று, காயப்பட்டவர்களும் கூட வந்தவர்களுமாகச் சுமார் 14,000 பேரை ஏற்றியது. கரை வரை கப்பல் வர முடியாது. மீனவர்களின் படகுகளில் ஸ்ட்ரெச்சரை ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தார்கள். கப்பலுக்கு இரண்டு தரப்பிடமும் அனுமதி வாங்க ஜெனீவாவில் தலைமையகம் உள்ள அமைப்பு இருந்தது. படகோட்டிகளுக்கு யார் இருந்தார்கள்?

கடைசியில் யார் தூக்குகிறார்கள்

இந்தக் கேள்வி எல்லாப் போரிலும் வருகிறது. பெரிய அமைப்புக்குப் பாதுகாப்பு விதிகள் இருக்கும். ஆபத்து இத்தனைக்கு மேல் போனால் ஊழியரை அனுப்பாது. அது நியாயமான விதி, ஊழியருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்த எல்லைக்கு அப்பாலும் ஊர் இருக்கிறது. அங்கே போவது உள்ளூர் தன்னார்வலர், பாதிரியார், ஆசிரியை, மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுநர். உக்ரைனில் தபால் துறையின் வேன்கள் முனையோர ஊர்களுக்கு ஓய்வூதியத்தையும் ரொட்டியையும் கொண்டுபோகின்றன. "வெள்ளைத் தேவதைகள்" என்று பெயர் வாங்கிய போலீஸ் குழுக்கள் கவச வண்டியில் போய் வயதானவர்களையும் குழந்தைகளையும் வெளியே கொண்டுவருகின்றன.

சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்து வெளிநாட்டு ஊழியர்கள் கார்ட்டூமை விட்டுக் கிளம்பியபோது, அந்தந்தப் பேட்டை இளைஞர்கள் அவசர உதவி அறைகள் என்ற குழுக்களைத் தொடங்கினார்கள். மசூதி முற்றத்திலோ பள்ளிக்கூடத்திலோ பெரிய பாத்திரத்தில் அவரையோ பருப்போ கொதிக்கும். தெருக்காரர்கள் வீட்டுப் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். வெளிநாட்டில் இருக்கும் சூடானியர்களின் காசு, பிறகு நன்கொடை நிறுவனங்களின் காசு, பங்கக் (Bankak) என்ற சூடானிய வங்கிச் செயலி வழியாக வரும். போன் சிக்னல் போனால் காசும் போயிற்று. சந்தையில் சரக்கு இருக்கும் வரை இப்படிப் பணமாக அனுப்புவது லாரியைவிட வேகமானது, சாவடியில் யாரும் இறக்கி வைக்க முடியாதது. சந்தையும் காலியானால் அதற்கு மதிப்பில்லை. முற்றுகையின் கடைசி மாதங்களில் எல் ஃபாஷரில் மனிதர்கள் கால்நடைத் தீவனத்தைத் தின்னும் நிலை வந்தது. சமையல் அறைக்காரர்களை ராணுவமும் சந்தேகப்பட்டது, எதிர்ப்பக்கத்து துணைப்படையும் சந்தேகப்பட்டது. இரண்டு தரப்பும் பிடித்து அடைத்தன. எல்லோருக்கும் சோறு போடுபவன் யாருடைய ஆள் என்ற கேள்வி துப்பாக்கிக்காரர்களுக்குத் தீராத தலைவலி.

2024இல் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட நிவாரண ஊழியர்கள் 383 பேர் என்று ஐ.நா. கணக்குச் சொன்னது. அதில் பெரும்பாலானவர்கள் அந்தந்த நாட்டுக்காரர்கள். பதிவு பெற்ற அமைப்பில் இல்லாத ஒரு சமையல்காரர், படகோட்டி எல்லாம் அந்தக் கணக்குக்குள் வருவார்களா என்பது சந்தேகமே.

பணம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் கோபம் வரும். 2016இல் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் கூடி, நிவாரண நிதியில் 25 சதவீதத்தை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகக் கொடுப்போம் என்று ஒப்பந்தம் போட்டன. உலக அளவில் அந்த இலக்கின் பக்கத்தில்கூட யாரும் போகவில்லை. காரணமாகச் சொல்லப்படுபவை தணிக்கை, பயங்கரவாதத் தடைச் சட்டம், ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய படிவம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் குண்டு விழும் தெருவில் அரிசி வாங்கியவரிடம் மூன்று கடைகளின் விலைப்புள்ளி கேட்பது எந்த ஊர் நியாயம்? துணை ஒப்பந்தம் என்ற பெயரில் கடைசிக் கிலோமீட்டர்களின் வேலை அவரிடம் தரப்படுகிறது. பெரிய அமைப்பின் ஊழியருக்குள்ள காப்பீடு, குண்டு துளைக்காத சட்டை, ஆபத்து வந்தால் வெளியே எடுக்கும் ஏற்பாடு ஆகியவை அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்து வருவது அபூர்வம்.

இந்தச் சங்கிலியில் மேலே ஓரிடத்தில் அறுந்தால் கீழே என்னாகும் என்பது 2025 தொடக்கத்தில் தெரிந்தது. அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரிக்குள் சூடானின் அவசரச் சமையல் அறைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மூடிக்கிடந்தன. அந்தச் சமயத்தில் கார்ட்டூமில் சண்டை நின்றிருக்கவில்லை. அறைகளை மூடியது சாவடி இல்லை, நின்றுபோன பணம்தான்.